சாக்கடலில் வாழும் சிற்றுயிர்

பெயர்கள் இடுகுறி என்றும் காரணம் என்றும் இருவகைப்படும் என்பது இலக்கண வகுப்பில் நாம் முதற்கண் கற்கும் பாடங்களுள் ஒன்று. காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறிப்பெயர். ஒரு காரணம் பற்றி வந்தது காரணப்பெயர். காரணம் காட்டிப் பெயரிடுவோர்க்கு ஒரு கடமை உண்டு. பொருளை நன்கு ஆராய்ந்த பின்னரே அவர் பெயரிடல் வேண்டும். ஆராயாது கூறிய காரணம் பின்னாளிற் பொய்த்துவிடின், பெயர் மட்டும் நிற்கும், காரணம் அழிந்தொழியும். அங்ஙனம் காரணம் பொய்த்த பெயர்களுள் ஒன்று 'சாக்கடல்' என்பது. அக்கடலில் உயிர் உண்டென்பது எவ்வாறு துணியப்பட்டது, அவ்வுயிர் புதிய இனத்தது என்பதை அறிஞர் எந்நெறியால் நிறுவினர் என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு உயிர்நூலில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஒரு சிற்றுயிரைப் புதிய இனம் எனத் துணிவதற்கு அறிவியலார் மேற்கொள்ளும் நெறி, பழைய ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடம் காண்பார் நெறியோடு பெரிதும் ஒத்திருக்கின்றது. அவ்வொப்புமையே எம்மை இதனை எழுதத் தூண்டிற்று. குற்றம் உளதாயின் அறிவியல் வல்லார் பொறுத்தருள்க.

ஏரியின் இயல்பு

கடல் என்று பெயர் பெற்றிருப்பினும் அஃது ஓர் ஏரியே. யோர்தான் நதி வடக்கினின்றும் வந்து அதனுள் விழுகின்றது. விழுந்த நீர் வெளியேறுதற்கு வழி யாதும் இல்லை. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கின்றது. நிலவுலகில் நீரால் மூடப்படாத இடங்களுள் அதன் கரையே மிகத் தாழ்ந்தது. கடும் வெயிலால் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் எஞ்சி ஊழிதோறும் பெருகிற்று. பொதுவாகக் கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். இவ்வேரி நீரிலோ அது 340 கிராம் அளவினது. அவ்வுப்பும் நாம் உணவிற் பெய்யும் சோடிய உப்பு மட்டும் அன்று. கைப்புச் சுவையுடைய மக்னீசிய உப்பே அதனிற் பெரும்பகுதி.

கிறிஸ்தவ வேதாகமம் பயின்றார்க்கு இவ்வேரி புதியதன்று. சோதோம் கொமோராவின் வரலாற்றோடு இணைந்து அதன் நினைவு நம் உள்ளத்தில் நிற்கின்றது. ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. ஆதியாகமம் அதனை 'உப்புக்கடல்' என்றே குறிக்கின்றது. 'செத்த கடல்' என்று வேதாகமம் யாண்டும் குறித்திலது. அப்பெயர் பிற்காலத்துக் கிரேக்க உரோம ஆசிரியர் வழக்கினின்று பரவியது. அதற்கு முன்னரே அரிஸ்டாட்டில், பாலஸ்தீனத்தில் ஓர் ஏரி உண்டென்றும், கட்டி எறிந்த மனிதனும் விலங்கும் அதனுள் அமிழாது மிதக்கும் என்றும், மீன் யாதும் அதனில் வாழாது என்றும் கேட்டதை எழுதியுள்ளார். மீன் இல்லை என்பது உண்மை. யோர்தான் அடித்துக்கொண்டு வரும் மீன்கள் அந்நீரிற் புக்கவுடன் மடிகின்றன. மீன் இல்லாமையினின்று உயிரே இல்லை என்று துணிந்ததே பிழையாயிற்று. கண்ணுக்குத் தெரியும் உயிர்களை மட்டும் எண்ணிக்கொண்டு, தெரியாதவற்றைக் குறித்தும் தீர்ப்புக் கூறினர் முன்னோர்.

வொல்கானி கண்டது

அத்தீர்ப்பை மாற்றியவர் ஓர் இளைஞர். பெஞ்சமின் எலாசாரி வொல்கானி என்பார் 1915ஆம் ஆண்டிற் பாலஸ்தீனத்திற் பிறந்து, எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். வில்கான்ஸ்கி என்னும் குடும்பப் பெயரோடு அவர் 1936ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் 'சாக்கடலில் உயிர்' என்னும் பொருள்படும் தலைப்பிட்டு ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அப்பொழுது அவர்க்கு அகவை 21. பல நூற்றாண்டுகளாக வழங்கிய ஒரு பெயரை நோக்கி, 'இது மெய்தானா?' என்று வினவுதற்கு வேண்டியது முதுமை அன்று, துணிவும் பொறுமையுமே என்பது இதனால் விளங்கும்.

நீரை மொண்டு நுண்ணோக்கியின்கீழ் வைத்து, அதனுள் சிற்றுயிர் தோன்றக் கண்டால் அஃதொன்றே சான்றாகாதோ எனின், ஆகாது. யோர்தான் நாள்தோறும் நன்னீர் வாழ் சிற்றுயிர்களைக் கொணர்ந்து கொட்டுகின்றது. அவை உப்பில் மடிந்து, ஊறுகாய்போற் கெடாமல் மிதக்கவுங் கூடும். உடல் காணப்படுதல் வேறு, உயிர் வாழ்தல் வேறு. ஆதலின் அவ்வுயிர் அவ்வுப்பிலேயே உண்டு, வளர்ந்து, பெருகுவதைக் காட்டல் வேண்டும். வொல்கானி அதனையே காட்டினார். ஏரிநீரின் உவர்ப்பிலேயே அவை பெருகின. 1940ஆம் ஆண்டில் முடித்த தம் ஆராய்ச்சி நூலில், அங்ஙனம் பெருகியவற்றுள் ஒன்றற்கு 'மாரிஸ்மோர்ட்டுயி' என்று இனப்பெயரிட்டார். சாக்கடலுக்குரியது என்பது அதன் பொருள்.

தனிப்படுத்தலும் நோக்கலும்

இத்தகைய சிற்றுயிரை இனங்காணும் முறையை இனிக் காண்போம். ஏரிநீரையேனும் சேற்றையேனும் தூய கலத்தில் எடுத்து, அதே உவர்ப்புடைய ஊட்டநீரில் இட்டு வைப்பர். உப்பில் வாழ்வன மெல்ல வளர்வன. நாள்கள் கழிந்து, வாரங்கள் கழிந்து நீர் கலங்கும். பின்னர் உப்பும் உணவும் கலந்த அகர்க் கூழின்மேல் கம்பி வளையத்தால் அந்நீரைக் கோடாக இழுப்பர். ஒவ்வோர் உயிரும் தான் விழுந்த இடத்திற் பெருகிச் சிறு புள்ளியாகத் தோன்றும். அப்புள்ளிகள் பெரும்பாலும் செந்நிறமாக இருக்கும். உப்பிட்ட மீனும் உப்பிட்ட தோலும் சிலபோது சிவந்து கெடுதல் இவற்றின் உறவினர் செயலே. ஒரு புள்ளியை எடுத்து மீண்டும் கோடிழுத்து, அதனினின்று ஒன்றை எடுத்து மீண்டும் இழுத்து, கலப்பற்ற ஒரே குலத்தைப் பிரித்தெடுப்பர். இதுவே தூய வளர்ப்பு. இடைச்செருகல் நீக்கிய பாடம் போன்றது அது. கலப்புள்ள வளர்ப்பினின்று கூறும் முடிபு எதுவும் நில்லாது.

இனி உருவம் நோக்கல். பிற பாக்டீரியாக்களுக்குச் செய்வதுபோல் இவற்றை வெறும் நீரிற் கழுவிச் சாயம் ஏற்றின், நுண்ணோக்கியின்கீழ் ஒன்றும் காணப்படாது. உப்பு நீங்கியவுடன் அவை வெடித்து அழிந்துபோம். இதனால் 1955ஆம் ஆண்டில் டியூசோ என்பார், அசெட்டிக அமிலத்தால் அவற்றை முதலில் நிலைப்படுத்திப் பின் சாயம் ஏற்றும் முறையை வகுத்தார். நம் முறைக்குப் பொருள் அடங்காதபோது பொருளை இல்லை என்னாது, முறையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

வெடித்தலின் காரணமும் அறியத்தக்கது. உவர்நீரில் இட்ட காய் சுருங்குதல் போல, உப்பு மிக்க இடத்தில் உயிரணுவின் நீர் வெளியே இழுக்கப்படும். இச்சிற்றுயிர் அதற்குத் தோலாது, வெளியே உள்ள உப்பிற்கு ஈடாகத் தன் உள்ளே பொட்டாசிய உப்பை நிரப்பிக்கொள்கின்றது. பிற உயிர்களின் புரதங்கள் அவ்வளவு உப்பிற் குலைந்து திரண்டுவிடும். இதன் புரதங்களோ அமிலத் தன்மை மிக்கனவாய் அமைந்து, உப்பின் நடுவே நீரைப் பற்றிக்கொண்டு நிலைபெறுகின்றன. உப்பு குறையின் அவையே உருக்குலையும். நமக்கு நஞ்சாவது அதற்கு நிலைக்களன். நமக்கு அமிழ்தாகிய நன்னீர் அதற்கு நஞ்சு.

அடுத்தது அளவைகளைச் சோதித்தல். எவ்வளவு உப்பில் வளரும், எவ்வளவில் வளராது, எந்த வெம்மையை விரும்பும், எவ்வுணவை உண்ணும், காற்றின்றி வாழுமா என்றெல்லாம் வரிசையாக ஆராய்வர். இதன் பயனைக் காட்டுதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். முல்லகான்பாய், லார்சன் என்னும் இருவர் 1975ஆம் ஆண்டில், சாக்கடலின் அடிச்சேற்றினின்று தட்டையான வட்ட வடிவும், சிலபோது கிண்ண வடிவும் உடைய ஒரு சிற்றுயிரைப் பிரித்து விவரித்தனர். அது செழித்து வளர விரும்பிய சோடிய உப்பு, லிட்டருக்கு ஏறக்குறைய 100 முதல் 145 கிராம் வரை. அதுகாறும் அறிந்திருந்த அதன் உறவினங்கள் வேண்டிய அளவில் இது பாதியே. ஆனால் மக்னீசிய உப்பை அது பெரிதும் தாங்கியது. சோடியம் குறைந்தும் மக்னீசியம் மிகுந்தும் இருப்பதே சாக்கடலின் தனி இயல்பு. பூட்டிற்குத் திறவுகோல் பொருந்தியதுபோல அவ்விடத்திற்கு அவ்வுயிர் பொருந்திற்று. முதலில் அங்கு உயிர் கண்டவரைப் போற்றி அதற்கு 'வொல்கானியி' என்று பெயர் சூட்டினர். 1986ஆம் ஆண்டில் அது 'ஹாலோபெராக்ஸ்' என்னும் புதிய பேரினத்துள் வைக்கப்பட்டது.

குலமுறை காணல்

உருவமும் ஒழுக்கமும் ஒத்திருப்பினும் குலம் வேறாக இருக்கலாம். ஆதலின் இக்காலத்து அறிஞர் மரபணுக்களைப் படிக்கின்றனர். ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் புரதம் செய்யும் பட்டறை ஒன்றுண்டு. அதற்கு ரைபோசோம் என்று பெயர். அதன் ஓர் உறுப்பாகிய 16எஸ் என்னும் ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசை ஏறக்குறைய 1500 எழுத்து நீளமுடையது. தலைமுறை தலைமுறையாக அது படியெடுக்கப்பட்டு வருகின்றது. படியெடுக்குங்கால் அரிதாக எழுத்து மாறுகின்றது.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்குவார் நெறி ஈண்டு நினைவிற்கு வருகின்றது. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பல சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பாடபேதம் கண்டமை நாம் அறிந்ததே. ஒரே பிழையைத் தாங்கிய இரு சுவடிகள் ஒரே தாய்ச்சுவடியினின்று பிறந்தன என்று கொள்வது அத்துறையார் வழக்கம். அங்ஙனமே, எழுத்து மாற்றங்களை ஒப்பிட்டு எவ்வுயிர் எதற்கு நெருங்கிய உறவு என்று துணிகின்றனர். அறிந்த இனங்களோடு ஒப்புமை நூற்றுக்கு 98.7 என்னும் அளவிற்குக் குறையின், அது புதிய இனமாதல் கூடும். அதற்கு மேற்படின் முழு மரபுத்தொகுதியையும் ஒப்பிடுவர். ஆண்டு 95 அல்லது 96 விழுக்காட்டிற்குக் குறைந்த ஒப்புமை வேற்றினத்தைக் காட்டும்.

இவ்வொப்புநோக்கல் ஒரு பெரிய உண்மையையும் வெளிப்படுத்திற்று. கார்ல் வோஸ், ஜார்ஜ் பாக்ஸ் என்னும் இருவர் 1977ஆம் ஆண்டில், பாக்டீரியா என்று கருதப்பட்ட சில உயிர்கள் உண்மையில் முற்றிலும் வேறான பெருங்குலத்தைச் சார்ந்தன என்று காட்டினர். சதுப்பில் வாயு உண்டாக்கும் சிற்றுயிர்கள் முதலிற் பிரிக்கப்பட்டன; உப்பை விரும்பும் இவையும் விரைவில் அக்குலத்திற் சேர்க்கப்பட்டன. இக்குலத்தை இன்று ஆர்க்கியா என்று அழைக்கின்றனர். ஆகவே, பெயரில் 'பாக்டீரியம்' என்று நிற்கும் உப்புயிர்களுட் பல பாக்டீரியா அல்ல. ஈண்டும் பெயர் நின்றது, காரணம் அழிந்தது. எனினும் அவ்வுவர்ப்பில் மெய்யான பாக்டீரியா வாழவே இயலாது என்று கூறுவதும் தவறு. உப்பளத்தினின்று பிரித்த 'சாலினிபாக்டர் ரூபர்' என்னும் செந்நிற உயிர் மெய்யான பாக்டீரியமே என்று 2002ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியால் விளங்கிற்று.

அளவுகோலையும் கண்மூடி நம்பலாகாது. மயில்வாகனம், டென்னிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1992ஆம் ஆண்டில் சாக்கடல் உயிராகிய மாரிஸ்மோர்ட்டுயியை ஆராய்ந்தனர். அதன் ஓர் உயிரணுவினுள்ளேயே 16எஸ் மரபணுவின் இரு படிகள் தம்முள் 5 விழுக்காடு வேறுபட்டு நிற்கக் கண்டனர். அவ்விரு வரிசைகளையும் தனித்தனியே பெற்ற ஒருவர், இவை இரண்டு இனங்கள் என்று ஐயமின்றிக் கூறியிருப்பார். ஒரே வீட்டில் இருவேறு பாடமுடைய இரு சுவடிகள் இருந்தவாறு போலும் இது. ஆதலினாற்றான் ஒரு சான்று மட்டும் கொண்டு புதிய இனம் என்று முழங்குதல் ஆகாது. உருவம், ஒழுக்கம், உடற்பொருள், மரபு எல்லாம் ஒருங்கே சான்று பகர வேண்டும்.

மூல வளர்ப்பும் இழந்த பெயரும்

இத்தனையும் முடிந்த பின்னரும் பெயர் நிலைபெறுதற்கு ஒன்று வேண்டும். விவரித்த உயிரின் தூய வளர்ப்பை, வெவ்வேறு நாடுகளிலுள்ள இரு சேமிப்பகங்களிலேனும் ஒப்படைத்தல் வேண்டும். நம் நாட்டிற் சண்டிகரில் அத்தகைய சேமிப்பகம் ஒன்று உண்டு. ஒப்படைத்த வளர்ப்பே மூல ஏடு. ஐயம் எழுந்தவிடத்து எவரும் அதனைப் பெற்று ஒப்பிட்டு நோக்கலாம். 'யான் கண்டேன், நீவிர் நம்புமின்' என்பது அறிவியலில் செல்லாது.

இந்நெறியின் அருமை வொல்கானியின் சொந்த வரலாற்றாலேயே விளங்கும். அவர் பெயரிட்ட மாரிஸ்மோர்ட்டுயியின் மூல வளர்ப்பு காலப்போக்கில் இழக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டில் பாக்டீரியப் பெயர்களின் ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியல் வெளிவந்தபோது, ஒப்பிட மூலம் இல்லாத அப்பெயர் அதனில் இடம் பெறவில்லை. நூல் இருந்தும் ஏடு அழிந்தமையால் பெயர் தன் நிலையை இழந்தது. ஆயினும் சாக்கடலினின்று கின்ஸ்பர்க் முதலியோர் பிரித்தெடுத்து 1970ஆம் ஆண்டில் விவரித்த ஓர் உயிர் இருந்தது. அதனை வொல்கானியின் பழைய விவரத்தோடு ஒப்பிட்டு நோக்கியபோது பெரிதும் பொருந்திற்று. 1990ஆம் ஆண்டில் அகரோன் ஓரன் முதலிய அறிஞர் 'ஹாலோஆர்க்குலா மாரிஸ்மோர்ட்டுயி' என அப்பெயரை மீட்டுத் தந்தனர். அக்கட்டுரையை எழுதினோருள் வொல்கானியும் ஒருவர். இளமையில் இட்ட பெயர், அரை நூற்றாண்டு கழிந்து அவர் கண்முன்னரே மீண்டும் உயிர்பெற்றது. அதனை மீட்டது அவர் புகழன்று. அவர் 1940இல் நேர்மையாகவும் நுணுக்கமாகவும் எழுதிவைத்த விவரமே மீட்டது.

இச்சிற்றுயிரால் உலகிற்கு விளைந்த பயனும் சிறிதன்று. உப்பில் உறுதியாக நிற்கும் அதன் ரைபோசோம் நல்ல படிகமாக உறையும் தன்மையது. யேல் பல்கலைக்கழகத்துத் தாமஸ் ஸ்டைட்ஸ் முதலியோர் 2000ஆம் ஆண்டில் ரைபோசோமின் பெரும்பகுதி அமைப்பை அணு அணுவாகக் கண்டது இவ்வுயிரினின்று பெற்ற படிகத்தாலேயே ஆம். ரைபோசோமின் அமைப்பைக் கண்டமைக்காக 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு ஸ்டைட்ஸ், ஆடா யோனத், வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் ஆகிய மூவர்க்கும் அளிக்கப்பட்டது. இறுதியிற் கூறியவர் நம் சிதம்பரத்திற் பிறந்தவர். அவர் வெந்நீரில் வாழும் வேறொரு பாக்டீரியத்தினின்று சிறுபகுதியை ஆராய்ந்தவர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பல ரைபோசோமைப் பற்றியே வேலை செய்தலின், அவ்வமைப்பை அறிதல் நோய் தீர்ப்பார்க்கு விளக்காயிற்று. செத்தது என்று ஒதுக்கிய நீரினின்று உயிர் காக்கும் அறிவு பிறந்தது.

இன்றைய நிலை

இவ்வேரி இன்று குறுகி வருகின்றது. யோர்தானின் நீரையும் அதன் துணையாறுகளின் நீரையும் கரை நாடுகள் வேளாண்மைக்கும் குடிநீர்க்கும் திருப்பிக்கொண்டன. உப்புப் பொருள் எடுக்கும் தொழிற்சாலைகளும் ஏரிநீரை ஆவியாக்குகின்றன. நீர்மட்டம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்கின்றது. சோடிய உப்பு படிந்து அடியில் இறங்க, மக்னீசியத்தின் விகிதம் ஏறுகின்றது. உப்பை விரும்பும் உயிர்க்கும் ஓர் எல்லை உண்டு. 1980, 1992ஆம் ஆண்டுகளில் பெருமழையால் மேல்நீர் நீர்த்தபோது சிற்றுயிர்கள் பெருகி ஏரியே செந்நிறமாயிற்று. அத்தகைய பெருக்கம் மழை வெள்ளம் மிகுந்தாலன்றி இயலாது. பொய்யாயிருந்த பெயரை மனிதன் தன் செயலால் மெய்யாக்கிவிடுவானோ என்னும் அச்சம் எமக்கு உண்டாகின்றது.

ஆயினும் ஒரு செய்தி ஆறுதல் தருகின்றது. வொல்கானி இளமையில் சேமித்து வைத்த சாக்கடல் நீர்க் குப்பிகள் கெடாமல் இருந்தன. 56 ஆண்டு பழமையான அவ்வுவர்நீரினின்று உப்புயிர்கள் மீண்டும் வளர்ந்தன. அவற்றின் இன ஆராய்ச்சி 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வொல்கானி 1999ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் குப்பியில் அடைத்த உயிர்கள் அவருக்குப் பின்னும் வாழ்ந்து சான்று கூறின.

எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனம் ஒன்றுண்டு. தேவாலயத்தினின்று புறப்பட்ட ஆறு கிழக்கே ஓடி அக்கடலில் விழ, அதன் நீர் ஆரோக்கியமாகி மீன்கள் பெருகும் என்பது அது. ஆயினும் அதன் சேறும் சதுப்பும் மட்டும் உப்பிற்கென விடப்படும் என்றும் அவ்வதிகாரம் கூறுகின்றது. சிறுவயதில் இதனைப் படித்தபோது அச்சதுப்பு கைவிடப்பட்டது என்றே எண்ணினோம். உப்புக்கென விடப்பட்ட இடத்திலும் தமக்குரிய உணவை உண்டு வாழும் உயிர்களைப் படைத்தவர் வைத்திருக்கின்றார் என்பதை இப்பொழுது அறிகின்றோம்.

ஆதலின் மாணவ நண்பர்காள், ஓர் இடத்தையேனும் ஒரு மனிதரையேனும் 'உயிரற்றது', 'பயனற்றது' என்று பெயரிடுமுன் சற்றே நின்று நோக்குவோமாக. நோக்கியதை நேர்மையாக எழுதிவைப்போமாக. மூலத்தைப் பிறர் ஒப்பிட்டுப் பார்க்கும்படி பாதுகாப்போமாக. இவ்வாறு இட்ட பெயரே காரணப்பெயர். ஏனையவை நாம் அறியாமையால் இட்ட குறிகளே.